அரைச் சுரம் கீழே

சன்டர்லாந்து, நவம்பர்.
ஏழாம் வார்டு ஜன்னலில் நாலு மணிக்கே இருட்டு.
முழங்கால் அறுவைக்கு வந்த நார்மன் ஸ்டோகோ,
வயது அறுபத்தொன்று,
சுரங்கம் மூடியும் சுரம் மூடாத
ஒரு பித்தளை வாத்தியக் குழுவில் யூஃபோனியம் வாசிப்பவர்,
நான் கையில் பட்டையைச் சுற்றும்போது சொன்னார்:
"முகவலிக்குப் புதுக் குளிசை தொடங்கி ஒன்பது நாள்.
உலகம் அரைச் சுரம் இறங்கிவிட்டது, செல்லம்."

மாதாகோவில் மணி, கெண்டியின் விசில்,
மனைவியின் பியானோ, டிவி செய்திக்கு முன் வரும் இசை.
"இரவில் யாரோ வந்து
எல்லாவற்றையும் ஒரு படி
இறக்கி வைத்ததுபோல."

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை,
பதினாறு படுக்கை பார்த்து முடித்தவரின் சிரிப்பு.
"காதைக் காட்டச் சொல்."

என் கழுத்தில் தொங்கும் அட்டையில்
பெயரைவிடப் பெரிய எழுத்தில் மாணவி.
பதவி அல்ல அது, எச்சரிக்கை.

வார்டில் ஒருவருக்குச் சுரம் இறங்கினால்
குறித்துவைக்க ஒரு வரைபடம் உண்டு.
இந்தச் சுரம் இறங்கினால்?

போன வருடம், வெள்ளிக்கிழமை, கடைசி வகுப்பு.
மஞ்சள் அட்டை கேள்விப்பட்டவர்கள்?
நாற்பத்திரண்டு பேரில் பதினொரு கை.
ஒன்றாவது அனுப்பியவர்கள்?
ஹீட்டர் மட்டும் உறுமியது.
பின்வரிசையில் ஓவன் கேட்டான்:
"இரண்டு வாங்கினால் மைதானத்துக்கு வெளியேயா?"
சிரித்தோம். திரையில் பக்கம் மாறிவிட்டது.
பரீட்சையில் வராது என்றார்கள்.
வரவில்லை.

இடைவேளையில் மருந்தியல் படிக்கும் இஃப்ராவிடம் போனேன்.
சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"நிச்சயமா?"
தெரியாது.
"மருந்தாலா, மயக்க ஊசியாலா, வயசாலா?"
தெரியாது.
"அப்ப அனுப்பு. அவர்கள் கேட்பது சந்தேகம்,
தீர்ப்பில்லை."

இரவு பதினொன்றரை. வாடகை அறை.
முதலெழுத்துகள். வயது. எடை.
மருந்து: கார்பமாசெபைன். அளவு. தொடங்கிய நாள்.
உயிருக்கு ஆபத்தா? இல்லை.
மருத்துவமனையில் சேர்த்ததா? அதனால் இல்லை.
ஊனம்?
இங்கே நின்றேன்.
யூஃபோனியத்தைப் பெட்டியில் பூட்டி
மூடிமேல் இஸ்திரித் துணிகளை
அடுக்கியிருப்பதாகச் சொன்னார்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

நடந்ததை விவரிக்கவும்.
சுருதி இறங்கிவிட்டது.
எனக்குள் வாக்கியம் அதோடு முடிந்தது.
ஆங்கிலத்தில் எழுத எழுத
பியானோ பழுதானதுபோலவே வந்தது.
நாலு வரி எழுதி நாலையும் அழித்து
கடைசியில் அவர் சொன்னதையே
மேற்கோள் குறிக்குள் வைத்தேன்,
அந்தச் செல்லத்தை மட்டும் எடுத்துவிட்டு.

அறிக்கை தருபவர் யார்?
விரல் கொஞ்சநேரம் மிதந்தது.
உன்னை யார் கேட்டது என்று
யாரும் இன்னும் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அனுப்பினேன்.
நன்றி என்று ஒரு வரி. நீளமாய் ஓர் எண்.

பத்து நாள் கழித்து வெளிநோயாளர் வாசலில்
ஊன்றுகோலோடு ஸ்டோகோ.
எழுதி அனுப்பினேன் என்றேன்.
"எங்கே?"
லண்டனுக்கு.
"அவர்களுக்குக் காது கேட்குமா?"
மாத்திரையை விட்டால் கன்னத்தில் மின்னல்.
விடாவிட்டால் பியானோ பொய் சொல்கிறது.
புதன்கிழமை டாக்டரிடம் பேசப்போகிறாராம்,
காது டாக்டரிடம் அல்ல.
எதைத் தேர்வீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மெட்ரோ கதவு மூடும்முன் வரும் ஒலி.
ஸீபர்ன் வரை ஒவ்வொரு நிலையத்திலும்
கவனித்துப் பார்த்தேன்.
எனக்கு அது நேற்றைய இடத்திலேயே இருக்கிறது.
எதிர் இருக்கைப் பெண்
மருந்துக்கடைப் பையைப் பிரித்து,
பெட்டிக்குள் எட்டாய் மடித்திருந்த
அந்த மெல்லிய தாளை உருவி,
வாசிக்காமல் கசக்கி
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.